கீழே நிற்பவர்கள்

1981 பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று நான் கேட்காத கேள்வி: "மச்சான், என்னை ஏன் கீழே போட்டீங்க?"

மக்கீன் மச்சான் எங்கள் முன்விறாந்தையில் எல்லோரையும் இருத்தி வைத்துப் பெயர்களைச் சொன்னார். பாவாத மலைக்குப் போகும் பதினொரு பேரையும் மூன்றாகப் பிரித்திருக்கிறார். உச்சி வரை ஏறுகிறவர்கள். பாதியில், தேத்தண்ணிக் கடை வரை போகிறவர்கள். அடிவாரத்து மடத்தில் தங்கிச் சமைக்கிறவர்கள். உம்மா கீழே, முழங்கால் வலி. மச்சானின் உம்மாவான மாமியும் கீழே, அவருக்கு இழுப்பு. மூன்றாவதாக "சரீபா" என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களைக் கடற்கரை மணலில் நடக்கவிட்டவரும் அவர்தான். சாய்ந்தமருதிலிருந்து காரைதீவு வரை. யாருடைய மூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாதாம். மச்சானின் வாப்பா கலந்தர் மாமா பாதி வழியில் ஒரு தோணியில் சாய்ந்துகொண்டு, "ஆதம் நபி எறங்கின மலைதானே. நானும் எறங்கிற பக்கம் மட்டும் நடக்கிறன்" என்றார். முதலில் போய்ச் சேர்ந்தது நான். திரும்பிப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக வந்தது என் கூடப் பிறந்த மூத்தவள், ஸம்ஸியா ராத்தா. எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவளுடைய மாப்பிள்ளையை மூடிக் கொன்ற அதே சுவர்தான் அவள் காலையும் முறித்தது. அந்தக் காலை இழுத்து இழுத்து வந்தாள்.

ராத்தா மேலே. நான் கீழே.

இதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணமில்லாமல் மச்சான் ஒரு பொத்தானைக்கூடப் போடமாட்டார்.

பெப்ரவரி 11

உம்மாவும் மாமியும் குசினியில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் மாமி, "உப்புக் காணும் மதினி" என்றார். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.

பெப்ரவரி 15

பயணம் மார்ச் பத்தாம் திகதி. பௌர்ணமிப் போயாவை விட்டுத் தள்ளி வைத்தால் மலையில் சனம் குறைவு, வாகனக் கூலியும் குறைவு. காரைதீவுச் சாமித்தம்பி அண்ணனின் வேன். அரிசி, கருவாடு, தேங்காய், சட்டி பானை, விறகு எல்லாம் இங்கிருந்தே. அடிவாரத்து மடத்தில் இடம் பிடித்துத் தருவது ஹட்டனில் மாஸ்டராக இருக்கும் அதாவுல்லா என்பவர். மச்சானின் கூட்டாளியாம்.

யார் இந்த அதாவுல்லா? இதுவரை கேள்விப்படாத பெயர். மடத்தில் இடம் பிடித்துத் தருவது அவர். மடத்தில் நிற்கப்போவது நான்.

எழுதிய பிறகு இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மலைநாட்டில் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். எங்கள் ஊரில் அப்படியில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். உம்மாவின் கிணற்றிலேயே காலமெல்லாம் தண்ணீர் அள்ளலாம். எனக்கு டீச்சர் நியமனம் எந்தக் கிழமையும் வரலாம். இந்த நேரத்தில் என்னைத் தேயிலைக்கு நடுவில் கொண்டுபோய் விடப் பார்க்கிறார்களா? வாப்பா கூடவா?

பெப்ரவரி 22, ஞாயிறு

ராத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"துப்பறியும் கதையள வாசிச்சி வாசிச்சி ஒனக்கு வீட்டுப் பூனையும் கள்ளனாத் தெரியிது கா."

"அப்ப என்னை ஏன் கீழ விட்டிருக்கி? ஒன்ன ஏன் மேல போட்டிருக்கி?"

"எனக்கென்ன தெரியும். நான் ஏலாதெண்டுதான் சென்னன். மச்சான் கேக்கல்ல. ஆறுதலா ஏறலாமாம்."

அவள் பொய் சொல்லவில்லை. ராத்தாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகம் சிவந்துவிடும். அப்படியென்றால் அவளிடமும் மறைக்கிறார்கள்.

பெப்ரவரி 27

மச்சான் நான்கு கம்பளிச் சட்டைகள் கொண்டுவந்தார். தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் இரவல். மேலே போகிறவர்களுக்கு மட்டும். நீலச் சட்டை எனக்குச் சரியாக இருக்கும் போல் தோன்றியது. தொட்டுப் பார்த்தேன். "அது ஸம்ஸியாக்கு" என்றார். ராத்தா போட்டுப் பார்த்தாள். அளந்து தைத்தது போலிருந்தது.

"கீழயும் குளிரும்தானே?" என்றேன்.

"கீழ அடுப்பிரிக்கி" என்றார்.

இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அடுப்பிரிக்கி!

மார்ச் 6, வெள்ளி

இனிச் சந்தேகம் இல்லை.

உம்மா இரண்டு நாளாகத் தொதல் கிண்டினார், அச்சுப் பலகாரம் சுட்டார். பயணத்துக்கென்றுதான் நினைத்தேன். பயணத்துக்கென்றால் பிஸ்கட் தகரத்தில் அல்லவா போடுவார்கள்? இன்று பார்த்தேன். பன்புல்லில் பின்னிய புதுப் பன்பெட்டி, வெள்ளைச் சீலையால் மூடி நான்கு மூலையும் சேர்த்து முடிச்சு. இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை கேட்டுப் போகும்போது பெண் வீட்டார் கொண்டுபோகும் பெட்டி அது. வாங்கிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தால் சம்மதம். அவிழ்க்காமல் திருப்பினால் இல்லை.

பெட்டி மலைக்குப் போகிறது. மாப்பிள்ளை மலையில் இருக்கிறார்.

வாப்பா மாவடிப்பள்ளிக் களத்திலிருந்து புது அரிசி கொண்டுவந்தார். சூடடிப்பு முடியாததால் அவர் வரமாட்டார். என் தலையில் கை வைத்து, "கவனமாப் போய் வா மகள்" என்றார். ஒருபோதும் தலையில் கை வைக்காதவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. விலை பேசிய மாட்டைத் தடவிக் கொடுப்பது போல – சீ, என்ன எழுதுகிறேன்.

போகமாட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால், எதற்கு என்பார்கள். அவர்கள் வாயால் சொல்லாததை நான் எப்படி மறுப்பது?

மார்ச் 10, செவ்வாய் – வழியில்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டோம். பதுளை தாண்டி ஒரு ஓடைக்கரையில் சமைத்துச் சாப்பிட்டோம். சாமித்தம்பி அண்ணன் நாளைக்குத் தானும் ஏறப்போகிறாராம். மாமா அவரைச் சீண்டினார்.

"அது எங்கட ஆதத்திட மலை, தம்பி."

"எங்களுக்கு அது சிவனொளிபாதம், காக்கா. ஆருட மலையாயிருந்தா என்ன, மூச்சு வாங்கிறது எல்லாருக்கும் ஒண்டுதான். நீங்க தேத்தண்ணிக் கடையோட நிக்கிற ஆள், ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வழக்கு?"

வேனே சிரித்தது. நான் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா அதை மடியில் வைத்திருந்தார். வளைவுகளில் எங்கள் தலைகள் இடிபட்டன. பெட்டி அசையவில்லை.

நுவரெலியாவில் குளிர் பற்களைக் கிட்ட வைத்தது. மச்சான் பின்னால் திரும்பி, "கால் விறைக்கிதா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். கேட்டது என்னையல்ல. ராத்தாவை.

மார்ச் 11, புதன் – நல்லதண்ணி, மடம்

எல்லோரும் படுத்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

காலையில் அதாவுல்லா மாஸ்டர் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தலை முழுக்க நரை. கூடவே பெண்சாதி, இடுப்பில் பேரப்பிள்ளை. எங்களுக்கு இரண்டு பாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை.

பிறகு ஏறுகிறவர்கள் ஏறப் போனார்கள். இளந்தாரிகள் முன்னால். சாமித்தம்பி அண்ணன் நடுவில். கடைசியில் நீலச் சட்டையுடன் ராத்தா. அவளுக்கு ஒரு படி பின்னால் மச்சான், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில். தேத்தண்ணிக் கடைக்காரர்களும் போன பிறகு மடத்தில் நாங்கள் மூன்று பேர்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. உம்மா பெட்டியைக் கொண்டுவந்து மாமியின் முன்னால் வைத்தார்.

மாமியின் முன்னால்.

மாப்பிள்ளை கேட்கும் பலகாரமும் மாப்பிள்ளையும் ஒரே வேனில் போகுமென்று யார் நினைப்பார்?

"சரீபா, இஞ்ச வந்து இரி மகள்" என்றார் மாமி. இருந்தேன்.

"மக்கீன் ஒனக்கு முறை மச்சான். அவன் ஒனக்குத்தான் எண்டு ஊரே நினைச்சிக்கிட்டிருக்கி. நானும் அப்பிடித்தான் நினைச்ச. ஆனா அவன் ஸம்ஸியாவத்தான் முடிப்பன் எண்டு நிக்கான். நானும் உம்மாவும் எவ்வளவோ சென்ன. கேக்கான் இல்ல."

உம்மா சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இந்தப் பெட்டி ஸம்ஸியாக்காகத்தான் வந்திரிக்கி" என்றார் மாமி. "கலியாணம் முடிக்காத குமர் நீ இரிக்கக்குள்ள, ஒன்ட வாயால கேக்காம நான் இத அவிழ்க்க மாட்டன். அவனும் அதத்தான் சென்னான், சரீபாட மனசு நொந்து ஒண்டும் வேணாம் எண்டு. நீ ஏலா எண்டா ஏலாதான். பெட்டிய இப்பிடியே கொண்டு போவம். ஊரில வெச்சிக் கேட்டா, நீ வாய் திறக்க முந்தி கல்முனைச் சந்தை வரைக்கும் கதை போயிரும். மறுகா நீ என்ன செல்லி என்ன?"

"ராத்தாக்குத் தெரியுமா?"

"இல்ல புள்ள. மேல வெச்சி அவனே கேக்கப்போறான். ஊட்ட ஒரு வசனம் தனியக் கதைக்க ஏலுமா அவளோட?"

அதனால்தான் மேலே. அதனால்தான் கீழே. பிரிவுகளைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

நான் கேட்கப்படப் போகிறேன் என்ற சந்தேகம் சரி. என்ன கேட்பார்கள் என்பதுதான் பிழைத்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டம் இல்லை, அந்நிய வீடு இல்லை. நிம்மதி வருமென்று காத்திருந்தேன். உலை மூடி படபடவென்று அடித்துக்கொண்டது.

ராத்தாவுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு மேலாகத் துணி மடிக்கிறாள்.

"அவிழுங்க மாமி" என்றேன்.

மாமி முடிச்சை இழுத்துப் பார்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. இரண்டு நாள் உம்மாவின் மடியில் இருந்த முடிச்சு. நானே வாங்கி இழுத்தேன். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வந்தது. ஒரு துண்டுத் தொதலை மாமியின் வாயில் வைத்தேன். அவர் அழுதார். உம்மாவும் அழுதார். "அல்லா ஒனக்கு நல்லதொண்ட வெச்சிரிக்கான் மகள்" என்றார் மாமி, வாயில் தொதலோடு.

சோற்றைப் பார்க்கப் போனேன். வெந்திருந்தது. பிறகும் கிளறிக்கொண்டே நின்றேன். கண்ணில் நீர் வந்தது. பச்சை விறகு, புகை என்று எழுதலாம். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது காய்ந்த விறகு.

ஒருவேளை மச்சான் என்னைக் கேட்டிருந்தால்? பெட்டி எனக்காக மச்சானைக் கேட்கத்தான் வருகிறதென்றிருந்தால், இவ்வளவு பயந்திருப்பேனா? அன்று மணலில் ஏன் அவ்வளவு வேகமாக நடந்தேன்? ஒரு மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

பின்னேரம் அவர்கள் இறங்கி வந்தார்கள். ராத்தா உச்சிக்குப் போகவில்லை. தேத்தண்ணிக் கடைக்குமேல் இன்னும் கொஞ்ச தூரம் ஏறி, கால் மறுத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். மச்சானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ராத்தாவின் முகம் சிவந்திருந்தது.

மச்சான் நேரே அடுப்படிக்கு வந்தார். அவிழ்ந்த சீலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

"சரீபா..." என்றார்.

"சோறு ஆறுது" என்றேன்.

மார்ச் 12

திரும்பும் வழியில் ராத்தா என் தோளில் சாய்ந்துகொண்டு காதுக்குள் கேட்டாள்: "ஒனக்கு முந்தியே தெரியுமா கா?"

"ஓம். துப்பறியும் கதை சும்மாவா?"

நம்பிவிட்டாள். நீலச் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினாள். மகியங்கனைக்கு வந்தபோது நல்ல வெயில். ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை.

மார்ச் 29

கம்பளிச் சட்டை நான்கையும் கழுவிக் காய வைத்து மச்சானிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

மே 24, ஞாயிறு

போன வியாழக்கிழமை நிக்காஹ் முடிந்தது. அன்றிரவே மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறை அவர்களுக்கு. என் புத்தகங்களைக் குசினிப் பக்க அறைக்கு மாற்றியாயிற்று. சவளக்கடைப் பள்ளிக்கு நியமனம் வந்திருக்கிறது. நாளை முதல் நாள்.

இன்று காலையில் கிணற்றடியில் மச்சான், "தங்கச்சி, தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டார். இதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஓம் என்றேன்.