வாய் திறந்தால் போதும்

செப்டம்பர் 4, 1951, செவ்வாய்

குழம்பில் இரண்டு தரம் உப்பு போட்டிருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மருத்துவச்சிக்கான வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தேர்வில் போன தடவையே தேறிவிட்டேன். வாய்மொழியில்தான் போனது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மேசைமேல் இடுப்பெலும்பும் ஒரு துணிப்பொம்மையும். "குழந்தை எப்படி இறங்கும், காட்டு" என்றார்கள். எல்லாம் தெரியும். ஆனால் குரல் வரவில்லை. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தடவையும் போனால் இனி கிடையாது என்று தலைமை நர்ஸ் மேட்ரன் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரியில் கற்றது எல்லாம் அவ்வளவுதான். சான்றிதழ் இல்லாமல் ஒரு பிரசவத்தைக்கூட என் பொறுப்பில் பார்க்க முடியாது.

செப்டம்பர் 9, ஞாயிறு

டோரதி வந்திருந்தாள். என்னோடு பயிற்சி பெற்றவள், அவளுக்கும் அன்றைக்குத்தான் தேர்வு. கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் போனதும் அழுதேன்.

இவர் வந்து, "இன்னாமே ஆச்சு?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். "எனக்கு இன்னா ஆவும்? ஒண்ணியும் ஆவலை. போ, போய் உன் வேலையப் பாரு." பாவம், என்ன செய்தார் மனிதர்?

செப்டம்பர் 11

பழைய லுங்கியைக் கிழித்துப் பொம்மை தைத்தேன். முகம் வரையவில்லை. வரைந்தால் பாவமாக இருக்கும்.

செப்டம்பர் 13, வியாழன்

இடுப்பெலும்புக்கு எங்கே போவது என்று நேற்று புலம்பினேன். இன்று இவர் கப்பல் கட்டும் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, முட்டை வடிவில் வளைத்து முடிந்து கொடுத்தார். பெரிதாகத்தான் இருக்கிறது. யானை பெறலாம்.

அதோடு விட்டாரா? என் வெள்ளைப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். "கொயந்த இன்னாத்துக்குத் தலைகீழா வருது? நேரா வந்தா இன்னா?" என்றார். பதில் சொல்லப் போனால், "சத்தமா சொல்லு, டாக்டருக்குக் காது மந்தம்" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாகிறது.

ஆனால் புத்தகத்தைத் திறந்ததும் மறுபடி அந்த மூன்று பேரும் கண்முன் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 17, திங்கள்

எதிர்வீட்டு அங்கம்மா வந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், என் வயதுதான். இப்போது நிறைமாதம். வேலையை விடு என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. எறாவுக்கு ஓடு உரித்துக்கொண்டே என் பொம்மையைப் பார்த்தாள்.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ற?"

சொன்னேன்.

"சரி, எனக்குக் காட்டு. தலை வெளிய வந்துச்சு. அப்பால?"

உடனே இழுக்கக்கூடாது, முதலில் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும் என்றேன்.

"சுத்திகினு இருந்தா?"

தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம் என்று சொல்லி, ஒரு நாடாவைப் பொம்மையின் கழுத்தில் சுற்றிக் கழற்றிக் காட்டினேன். அவள் எறாவைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னொரு தபா காட்டு" என்றாள்.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. விட்டால்தானே. இது எதற்கு, அது எதற்கு, வலி விட்டு விட்டு வருவது ஏன். பொழுது போனதே தெரியவில்லை. எறாவில் பாதி அப்படியே கிடந்தது.

கிளம்பும்போது சொன்னாள்: "போன தபா எனக்கு யாரும் ஒண்ணியும் சொல்லலை குணா. கத்தாத, கத்தாதன்னு மட்டும் சொன்னாங்க." அந்தக் குழந்தை தங்கவில்லை. எனக்கு உதவி செய்ய வந்திருக்கிறாள் என்று நினைத்தேனே. எவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள்.

செப்டம்பர் 22, சனி

தினமும் வருகிறாள். "நீ பாஸ் பண்ற வரிக்கும் நான் பெத்துக்க மாட்டேன், நீதான் பாக்கணும்" என்கிறாள். அதெல்லாம் நம் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கண்டித்துச் சொல்லி, போய்ப் பெயர் பதிய வைத்தேன்.

ஒன்று கவனித்தேன். அவளிடம் பேசும்போது குரல் தடுமாறுவதில்லை. ஏன்? என் ஞாபகமே எனக்கு வருவதில்லை, அதனாலா?

செப்டம்பர் 29, சனி

பெண் குழந்தை! முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மதியம் மார்க்கெட்டிலேயே வலி எடுத்துவிட்டது. மீன்கூடையை யாரிடமோ தள்ளிவிட்டு ரிக்‌ஷாவில் வந்தாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். நான் கூடப் போனேன். பிரசவம் பார்த்தது ஃப்ளோரா சிஸ்டர். நான் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அங்கம்மாவும் மூச்சை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டு, சொன்னபடி செய்தாள்.

தலை வந்ததும் சிஸ்டருக்கே உத்தரவு போட்டாள் பாருங்கள். "சிஸ்டர், இஸ்துடாதீங்க. கயுத்துல கொடி கீதான்னு பாருங்க."

சிஸ்டர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். "இல்லம்மா, சுத்தலை. வேற ஏதாவது பார்க்கணுமா?"

"தோளு தானா திரும்பும். அவசரப்படாதீங்க."

ஆயாக்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்குள் குழந்தை ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. சந்தேகமே இல்லை, மீன்காரி மகள்தான். அங்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை மட்டும் விடவில்லை. எனக்கும் கண்ணைக் கண்ணீர் மறைத்தது.

அக்டோபர் 4

நாளைக்கு. மூன்று வாய் சோறுதான் இறங்கியது. ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, வெள்ளி

இவர் லீவு போட்டுவிட்டு டிராமில் கூட வந்து, வாசலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். அதே மேசை, அதே மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். "பிரசவம் ஆன பிறகு ரத்தம் நிற்கவில்லை. என்ன செய்வாய்?" என்றார்.

போச்சு. மறுபடியும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடுகிறது. அவர் பேனாவை எடுத்துவிட்டார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ தைரியம், வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, நீங்கதான் பெத்தவங்கன்னு நெனைச்சிகினு சொல்லட்டுமா?"

பக்கத்தில் இருந்த இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி. மயக்கமாக வருகிறது. எனக்கு என்ன ஆகிறது?"

"பயப்படாதீங்கம்மா. நான் பக்கத்துலயே கீறேன். இப்ப உங்க அடிவயித்தை அழுத்தித் தேய்ப்பேன். கர்ப்பப்பை கல்லு மாதிரி கெட்டியாவணும். அதுக்குள்ள டாக்டருக்கு ஆள் அனுப்பிடுவேன்..."

அப்புறம் நிற்கவே இல்லை. பொம்மையைக் கேட்டார், காட்டினேன். இடையிடையே, "ஏன்? அது எதற்கு?" என்று நோயாளி மாதிரியே முனகினார். இவ்வளவு விளையாட்டு அந்த முகத்துக்குள் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? கடைசியில், "பிழைத்துக்கொண்டேனா?" என்றார். "பொயச்சிகினீங்கம்மா" என்றேன்.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். நடுத்தெருவில் நின்று சிரித்தோம். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும். நான் பேசினேன்.

டிசம்பர் 19, புதன்

சான்றிதழ் வந்ததிலிருந்து எழுதவே நேரம் கிடைப்பதில்லை. விடிந்ததும் திருவொற்றியூர் போய், இப்போதுதான் திரும்பினேன். ஆண் குழந்தை, தாயும் சுகம். கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருக்கிறது.

இவர் துறைமுகத்திலிருந்து வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னவென்று கேட்டேன்.

"திருமலைன்னு எனக்கு ஒரு பேரு கீது. அத்த எல்லாரும் மறந்துட்டானுங்க. மருத்துவச்சி வூட்டுக்காரருன்னுதான் கூப்பிடறானுங்க." சொல்லும்போதே உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

இன்று இவருடைய மேஸ்திரி வந்து, எண்ணூரில் தன் மகளுக்கு மாதம் நெருங்குகிறது, நாளைக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாராம்.

"வரேன்னு சொல்லிட்டியா?" என்றேன்.

"நான் எப்டி சொல்றது? வூட்ல கேட்டுச் சொல்றேன், அவுங்களுக்கு டயம் கீதோ இல்லியோன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.