கண்மலர் சாத்திய பிள்ளை

1946, பிப்ரவரி 11

குழந்தை பாப்பாயி இப்போதுதான் தூங்கினாள். பட்டாளத்து ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. ஊனப் பென்ஷன் கிடையாதாம். என் வீட்டுக்காரருடைய கண் பர்மா சண்டையில் கெட்டதல்ல, பிள்ளைப் பிராயத்திலிருந்தே உள்ள நோயாம். படித்துக் காட்டினேன். "குருடனுக்கா துப்பாக்கி குடுத்தாங்க?" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 13

காரணம் தெரிந்துவிட்டது. விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் என் மாமியார் சொல்லியிருக்கிறார்: "எம் பையனுக்குப் பொறந்த வருசமே அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினேனுங்க." வளர்த்த அருமையைச் சொன்னாராம்!

இந்த மலையில் முதல் ஆடியிலேயே எல்லாப் பிள்ளைக்கும் அம்மனுக்குக் கண் வடிவ வெள்ளித் தகடு சாத்துவார்கள், கண்ணில் நோய் வராமலிருக்க. மலைக்குக் கீழேயிருந்து வந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? நோய்க்கு நேர்ந்துகொண்டது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்ம வாழவந்தி நாடு முச்சூடும் குருடுன்னு எழுதிக்கச் சொல்லு."

அத்தை சாப்பிடவில்லை.

பிப்ரவரி 20

மேல்முறையீடு எழுதி, அடிவாரத்துக் காரவள்ளிக்கு மிளகு மூட்டையோடு இறங்கினவர்களிடம் கொடுத்தனுப்பினேன். காலேஜ் இங்கிலீஷ் இதற்காவது ஆகட்டும்.

ஏப்ரல் 2

பதில் இல்லை.

மே 9

பித்தளை டம்ளரைப் பாப்பாயி முகத்துக்கு நேரே ஆட்டினேன். பார்வை கூடவே வந்தது. இன்னொரு தடவை ஆட்டினேன். ரத்தத்தில் இருந்தால்? — சீ. அவர்கள் எழுதின பொய்யை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேனா?

ஜூன் 17

மறு விசாரணை. அதே இன்ஸ்பெக்டர், மூச்சிரைக்க மலையேறி வந்தார். ஊர் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன்.

"எல்லாப் புள்ளைக்குமா? அப்ப உங்க பாப்பாவுக்கும் சாத்தியிருப்பீங்களே?"

போன ஆடியில் அத்தை கெஞ்சக் கெஞ்ச, வேண்டாம் என்று நின்றவளே நான்தானே.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை குரல்: "சாத்தியாச்சுங்க. இவளுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா ஊட்டுல சண்டை வந்துருமுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். எனக்குத் தெரியாமலா? கோபம் வரவேண்டும். வரவில்லை.

ஆகஸ்ட் 1

உத்தரவு வந்தது. பென்ஷன் உண்டு — ஒரு வருடத்துக்கு. அப்புறம் மறுபடி டாக்டர்கள், மறுபடி விசாரணை. அவர் "ம்" என்றார்.

சாயங்காலம் அத்தை மடியை அவிழ்த்து ஒரு ஜோடிக் கண்மலரை நீட்டினார். புத்தம் புதுசு.

"அன்னைக்குச் சொன்னது பொய்யி, கண்ணு. இனி நீ பாத்துக்க."

நாளைக்கு ஆடி வெள்ளி. விடிவதற்குள் பாப்பாயியைக் குளிப்பாட்டிவிட வேண்டும்.