வெற்றிவேல் அண்ணாவின் பெயரைச் சொன்னது யார்?

என் அருமை அண்ணா,

உங்கள் காணி இன்னும் அண்ணியின் பெயருக்கு மாறவில்லை. மூன்று தரம் போயும் காணிப் பதிவுக் கந்தோரில் கடதாசிகளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். "அண்ணை, இது ரெண்டு ஆளின்ர கடதாசியெல்லோ?" என்று அங்கிருக்கும் கிளாக்கர் என்னையே கேட்கிறார்.

காணிப் பத்திரத்தில் வெற்றிவேலை ஆங்கிலத்தில் இரண்டு 'ரி' (T) போட்டு Vettivel என்று எழுதியிருக்கிறது. வன்னியில் நம் வாயில் அப்படித்தானே வரும்? ஆஸ்பத்திரியில் எழுதிய உங்கள் மரணக் கடதாசியிலோ ஒரு 'ரி', பக்கத்தில் ஒரு 'ஆர்': Vetrivel. அது அண்ணி வீட்டாரைப் போன்ற மலையகத்து ஆட்களின் உச்சரிப்பு. அப்படியென்றால் பெயரைச் சொன்னது அன்றைக்கு அண்ணியோடு நின்ற அவர் தம்பி மாணிக்கம்தான்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு கனகராயன்குளத்தில் இருக்கும் அந்தக் காணியில் புதுக் கம்பிவேலி அடித்தவன் அவன். பெயரைக் குழப்பி, அண்ணியை அலையவிட்டு, கடைசியில் காணியைத் தானே பிடிக்கப் பார்க்கிறானோ? சும்மா சும்மா சிரிக்கிற ஆட்களை நான் நம்புவதில்லை, உங்களுக்குத் தெரியும்.

நேற்று நேரே போய்க் கேட்டுவிட்டேன். "அண்ணி பக்கத்தில நிக்கேக்க, நீர் என்னத்துக்குப் பேர் சொன்னனீர்?"

அண்ணிதான் கரண்டியும் கையுமாகக் குசினியிலிருந்து வந்து பதில் சொன்னார். "நா எப்புடி தம்பி அவரு பேரச் சொல்லுவேன்? கல்யாணம் கட்டுன நாள்லருந்து சொன்னதில்லையே. டாக்டர் பேரக் கேக்குறாரு, நா அழுதுக்கிட்டு நிக்கிறேன். அவனே பேரச் சொல்றதுக்கு முன்னாடி ஒங்களக் கூப்புடத்தான் மாணிக்கம் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் ஓடி வந்தான்."

வந்தான் அண்ணா. வாசலில் நின்ற நான் கண்டேன். மலையகத்துப் பெண் என்று உங்கள் கலியாணத்துக்கே வராதவன் அண்ணி வீட்டாரோடு போய் நிற்பதா என்ற வீம்பில், காணாதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கொள்ளி வைக்க மட்டும் முன்னுக்கு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வேலி விஷயத்தில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. மாடு வருகிறதாம், அதற்குத்தான் அடித்தானாம். ஆனால் பெயரில் அவன்மேல் ஒரு பிழையும் இல்லை.

திங்கட்கிழமை அண்ணியோடு போய்ச் சத்தியக் கடதாசி முடிக்கிறேன். இரண்டு பெயரும் ஒரே ஆள், என் கூடப்பிறந்தவர் என்று என் வாயால் சொல்லுவேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அதையும் அண்ணிக்கு முன்னாலேயே சொல்லுவேன்.

ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்ட,
உங்கள் தம்பி