பேதுரு மாறி உட்கார்ந்த பந்தி

அன்புள்ள மெலித்தாளுக்கு, அந்தியோகியாவிலிருந்து நிகாந்தர். நான் சுகம். உன் இருமல் நின்றதா?

யூதரும் கிரேக்கரான நாமும் ஒரே பந்தியில் உண்ணும் சபை என்று உன்னிடம் பெருமையடித்திருந்தேன். பேதுருவே என் அருகில் உட்கார்ந்து, என் பங்கு மீனையும் பிட்டுத் தின்பார். நேற்று எருசலேமிலிருந்து, நம்மைப் போன்றவரோடு உண்ணாத சில யூதப் பெரியவர்கள் வந்து தனிப் பந்தி போட்டார்கள். இயேசு அழைத்ததும் கடல்மேல் நடந்த பேதுரு, அவர்களைக் கண்டதும் எழுந்து அந்த யூதர் பந்திக்கு நடந்தார்.

“என்னங்கய்யா, எங்க ரொட்டி ஒரே நாள்ல தீட்டாயிடுச்சா?” என்று பரிமாறிய பெலகியா கேட்டாள்.

“மெதுவா பேசும்மா, அவங்க காதுல விழுந்துடப் போவுது” என்றார் பேதுரு.

நல்ல மனிதர்தான், பயம் வந்தால் மட்டும் தெரிந்தவர்களைத் தெரியாது என்பார்; இயேசுவையே ஒருமுறை அப்படிச் சொன்னவர்.

நீ ஞானஸ்நானம் பெற வரும் நாளில் நம்மை எங்கே உட்கார வைப்பார்கள் என்று தெரியவில்லை. கவலைப்படாதே. என் கம்பளியைக் கொண்டுவா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் கப்பல்காரன் நேரமாகிறதென்று கத்துகிறான். நமக்கென்று இரண்டு தட்டும் எடுத்துக்கொள்.

உன் நிகாந்தர்