என் கல்லீரல் சின்னது என்று நான் சொன்ன பொய்

நாற்பது வயதிலும் என்னைக் குட்டி என்றே கூப்பிட்ட அந்தோணி அண்ணாவுக்கு,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. கடைசியில் உன்னிடம் ஒரு பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அதை எழுதித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற ஆள் நீ. லிஃப்ட் நின்றால் இருபது மாடியும் படியேறிப் போவாய். சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் தொம்மலூர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் என் காதருகே வந்து, "கல்லீரல்னு சொல்றாங்களே, திருட்டுத்தனமா குடிப்பானாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது.

எல்லாம் பதினேழே நாள். முதலில் கண் மஞ்சளானது. பிறகு வயிற்றில் நீர் கோத்து உன் பெல்ட் எட்டாமல் போனது. ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, "மேடம், ஒந்து நிமிஷா, லிஃப்ட் ஈகலே சரி ஹோகுத்தே" என்று கன்னடத்தில் சொன்னாய். ஒரு நிமிஷத்தில் லிஃப்ட் சரியாகிவிடும் என்று யாரோ ஆபீஸ்காரியிடம் பேசுவது போல. விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். கல்லீரல் வெளியேற்றாத நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

உனக்குத் தெளிவு வந்த நேரமாகப் பார்த்து அவர் கேட்டார்: "ஹெபடைடிஸ் பி இருக்குன்னு இதுக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களா?"

நீ என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாய். "நாலு வருஷம் முன்ன கம்பெனி கேம்ப்ல ரத்தம் குடுத்தேன் சார். அப்புறம் போன் பண்ணி, அந்த வைரஸ் இருக்கு, வந்து காட்டுங்கன்னாங்க. காமாலைதானேன்னு பச்சிலை சாப்ட்டேன். சரியாப் போச்சு."

எந்தப் பச்சிலை என்று எனக்குத் தெரியும். வெறும் காமாலை என்று நீ சொன்னதை நம்பி, அத்திபெலேக்கு அந்தப் பக்கம் இருந்த வைத்தியரிடம் மூன்று நாள் விடியற்காலையில் என் ஸ்கூட்டரில் நானே உன்னைக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்த மோரைக் குடித்தாய். ஒரு மண்டலம் உப்பில்லாமல் சமைத்துப் போட்டவளும் நான்தான். அன்றைக்கு உன் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. மஞ்சளே இல்லாத காமாலைக்கு எதற்கு மருந்து என்று ஒரு வார்த்தை கேட்டேனா? நம் வீட்டில் கல்லீரல் என்றால் காமாலை, காமாலை என்றால் பச்சிலை. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. வைரஸ் மட்டும் நான்கு வருஷம் சத்தமில்லாமல் உள்ளே வேலை பார்த்திருக்கிறது.

நீ ரத்த வாந்தி எடுத்த மறுநாள், மாற்றுக் கல்லீரல்தான் ஒரே வழி என்றார்கள். என் கல்லீரலில் ஒரு பகுதியை நான் தருகிறேன் என்று கையை நீட்டினேன். பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க குடுக்க முடியாதும்மா. உங்களுக்கும் அதே வைரஸ் இருக்கு."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவளா நான்? எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் இருக்குன்னா, பெரும்பாலும் பிறக்கும்போது அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்" என்றார். அம்மா அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

உன்னிடம் வந்து, "என் கல்லீரல் சின்னதாம்ணா, பத்தாதாம்" என்றேன். "நீ குட்டிதானே" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா அண்ணா? நான்கு வருஷம் என்னிடம் மறைத்தவனுக்கு ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கவா தெரியாது? மறுநாள் உன் சிறுநீரகமும் நின்றுவிட்டது.

நம் தம்பி பிரான்சிஸும் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனோ, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, டெஸ்ட் எல்லாம் எதுக்கு?" என்று பிடிவாதம் பிடித்தான். காரணத்தைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவனும் உன்னைப் போலப் போய்விடுவானோ என்று பயம். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும், இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. "மூணு பேருக்கும் நானா குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டாள். "உனக்கே தெரியாதும்மா, உன் தப்பு இல்ல" என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்து போய்ப் பிரான்சிஸின் சட்டையைப் பிடித்தாள். "கெளம்புடா. மொதல்ல என் கையில குத்தட்டும், அப்புறம் உன் கையில."

நேற்று ரிசல்ட் வந்தது. அம்மாவுக்கு இருக்கிறது. பிரான்சிஸுக்கு இல்லை, அவனுக்குத் தடுப்பூசியும் ஆரம்பித்தாகிவிட்டது. அம்மா அவன் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "இவன் ஒருத்தனுக்குக் குடுக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அழுதாள்.

என் கல்லீரல் இன்னும் கெடவில்லையாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க நானும் அம்மாவும் சேர்ந்தே போவோம். மாத்திரை தந்தால் ஒருநாள் விடாமல் போடுவோம். யார் கேட்டாலும் நோயின் பெயரைச் சொல்வேன். உனக்கு வாக்குத் தருகிறேன் அண்ணா: அம்மாவை அவசரப்பட்டு உன்னிடம் அனுப்ப மாட்டேன். நானும் சீக்கிரம் வர மாட்டேன்.

கொடுக்க முடியாத கல்லீரலோடு இருக்கும்
உன் தங்கை,
ஸ்டெல்லா