மாப்பிள்ளையின் கறுப்புத் தண்ணீர்

என் அருமை மாப்பிள்ளை மாணிக்கத்துக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. இருந்தபோது உன்னை ஒரு நாளும் அருமை என்று நான் கூப்பிட்டதில்லை. செத்தவனுக்குச் சும்மா கிடைக்கிற மரியாதைகளில் இதுவும் ஒன்று, வைத்துக்கொள். என் தங்கை அஞ்சலையைக் கட்டியவன் என்பதால் உன்னைக் கேலி செய்யும் உரிமை எனக்கு இருந்தது. அதை நான் ஒரு நாள்கூட வீணாக்கியதில்லை. இப்போதும் விடுவதாக இல்லை.

எழுபதுகளில் நாம் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுத் துண்டு போட்டபோது, சனங்கள் தகரத்தையும் பலகையையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நீ புகைக்கூட்டில் வேலை செய்தவன். ரப்பர் தாள் தொங்கவிடும் தள்ளுவண்டியின் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தாய். ஏதோ வீட்டுக்குக் கொட்டகை போடப் போகிறான் என்று பார்த்தால், மீனுக்குத் தொட்டி!

சட்டத்தில் சன்னல் கண்ணாடியைப் பொருத்தி, சுற்றிலும் பசையை அப்பி, கூடத்து நடுவில் வைத்தாய். தீபாவளிக்கு முந்தின நாள் முன் கண்ணாடி பிளந்துகொண்டது. முறுக்கு டின்கள் கூடத்தில் மிதந்தன. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீனன் எட்டிப் பார்த்தான். அஞ்சலை தரையைத் துடைத்தாள். நீயோ அளவுகோலை எடுத்து வந்து பிளந்த இடத்தை அளந்துகொண்டிருந்தாய். இவனுக்கா என் தங்கையைக் கொடுத்தோம் என்று அன்றைக்கு மனசார நினைத்தேன்.

சரி, மறுபடியும் தொட்டி கட்டினாய். தங்கமீன் விட்டால் குறைந்தா போய்விடும்? உனக்கு டிஸ்கஸ் மீன் வேண்டும். அதிலும் பினாங்குப் பண்ணைகளில் குஞ்சு பொரித்து வளர்த்த, நீலமும் சிவப்புமாக மினுக்குகிற மீன் ஆகாது. தென் அமெரிக்கக் காட்டு ஆற்றில் பிடித்து, ஆகாய விமானம் ஏறி வந்த மீன்தான் வேண்டும். ஆறு மீன் வந்தன. தேநீர்ச் சாசர் அளவுக்கு வட்டமாக, பழுப்பாக, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"இதுக்கா இவ்வளோ பாடு? வவ்வா மீனு மாதிரி இருக்கு. கறி வச்சா ரெண்டு பேருக்குக்கூடப் பத்தாதுலா" என்றேன். நீ சிரித்தாய். உன்னைக் கேலி செய்வதில் அது ஒன்றுதான் குறை. உனக்குக் கோபமே வராது.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. உன் சீமான் வீட்டு மீன்களுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை, மோட்டார் சைக்கிளில் தண்ணீர் பிடிக்கிற தோம்புகளைக் கட்டிக்கொண்டு தெலுக் இந்தான் பக்கம் போவாய். அங்கே செம்பனைத் தோட்டத்து வடிகாலில், மக்கிய மண்ணில் ஊறிக் கிடக்கும் கறுப்புத் தண்ணீரை மொண்டு வருவாய்.

"மீனோட ஊர்த் தண்ணியும் இப்படித்தான் மச்சான். எல, பட்டை எல்லாம் ஊறி, பால் ஊத்தாத தே ஓ மாதிரி இருக்குமாம்."

"அப்படியே ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடி" என்றேன்.

ஊரில் மீன் வளர்க்கிற பெரிய மனிதர்கள் கூட்டம் ஒன்று உண்டே, அதன் தலைவர் உன்னை ஒரு நாளாவது மதித்தாரா? கடையில் வாங்கிய தொட்டி, கடையில் வாங்கிய விளக்கு, கடையில் வாங்கிய அறிவு. "ஈப்போவுல காட்டு டிஸ்கஸ் நிக்காது மாணிக்கம். நீ வேற பொழப்பப் பாருலா" என்று சொன்னவர்தானே? உன் சாவுக்கு வந்தார், தெரியுமா? நீ கூடத்தில் கிடக்கிறாய். மனிதர் நேராகத் தொட்டிக்குப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஆறு மீனையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் உன் பக்கம் திரும்பினார். அவரை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆனால் துப்புவதற்கு அவரைவிடத் தகுந்த ஆள் ஒருவன் அந்த வீட்டிலேயே இருந்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிணம் வெளியேறியதும் வீட்டைக் கழுவ வேண்டும். சாவு விழுந்த நேரத்தில் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது, எல்லாம் தீட்டு. உனக்கும் தெரிந்த வழக்கம்தான். உயிர் இருக்கிற தொட்டியை மட்டும் விட்டுவிட்டு, பெண்கள் குடத்தையும் அண்டாவையும் கவிழ்த்தார்கள். பின்கட்டில் நீ கறுப்புத் தண்ணீரை நிரப்பி மூடி வைத்திருந்த இரண்டு பெரிய பீப்பாய்களையும் யாரும் தொடவில்லை. மூடியைத் தூக்கி, அந்த நிறத்தையும் நாற்றத்தையும் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். உன்னோடு மயானத்துக்குப் புறப்பட்டவன், எல்லாம் கொட்டியாயிற்றா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். "சாக்கடைத் தண்ணிக்கு மூடி வேற" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் காலால் உதைத்துச் சாய்த்தேன். கறுப்பாக ஓடி வடிகாலில் கலந்தது. கை கால் கழுவிக்கொண்டு மயானத்துக்குப் போகும் வேனுக்கு ஓடினேன்.

அதோடு விட்டேனா? மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. மாப்பிள்ளைக்குச் செய்கிற கடமை என்று நினைத்துக்கொண்டு, இருந்ததில் பாதியை வாரிக் கொட்டினேன். குழாயைத் திறந்து தெளிந்த தண்ணீராக ஊற்றினேன். 'இப்பத்தான் மீனே கண்ணுக்குத் தெரியிது' என்று வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். வக்கீல் அலுவலகத்தில் இருபது வருஷம் கிராணியாக எழுத்து வேலை பார்த்த மூளை. பின்கட்டில் இருந்த பீப்பாய் எதற்கு என்று ஒரு தடவை யோசித்திருக்கக்கூடாதா?

மறுநாள் காலையில் ஆறு மீனும் உடம்பெல்லாம் கரியாகக் கறுத்துவிட்டன. ஒரு மூலையில் சாய்ந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, செவுளை அடித்துக்கொண்டு கிடந்தன. சாயங்காலம் ஒன்று போனது, அடுத்த நாள் இன்னும் இரண்டு. தலைவரைக் கூப்பிட்டு வந்தேன். "நான் அன்னிக்கே சொன்னேன்லா" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். "கார எடுங்கண்ணே. தண்ணி எடுக்கிற எடம் எனக்குத் தெரியும்" என்றாள். கருமாதிகூட ஆகவில்லை. தாலியறுத்தவள் வாசல் தாண்டுவதா என்று அத்தைகள் அலறினார்கள். அவள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நீ அவளை எத்தனை முறை பின்னால் வைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறாய் மாப்பிள்ளை? எனக்குச் சொன்னதே இல்லையே. ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வடிகால் ஓரத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே இறங்கி மொண்டாள். நான் தோம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சும்மா நின்றிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கு வந்த சனத்துல அந்தப் பீப்பாய யாரு கொட்டுனாங்களோ, தெரியலம்மா."

அவள் மொள்வதை நிறுத்தவில்லை. "நீங்கதான் கொட்டுனீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பாத்தியா? அப்ப ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா? புருசன் பொணம் தெருமுன தாண்டல, இவளுக்கு மீனுத் தண்ணிக் கவலையப் பாருன்னு மொதல்ல சொல்றது யாருண்ணே?"

நான்தான் மாப்பிள்ளை. வேறு யார்? நாலு பேர் காதில் விழும்படி, சிரிப்பும் வரவழைத்துச் சொல்லியிருப்பேன். உன்னைப் பேசிப் பேசிப் பழகிய வாய். அதற்குப் பயந்து, உன் மீன் சாகும் என்று தெரிந்தும், என் தங்கை சாவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக நான் பேசியதற்கெல்லாம் அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது.

மூன்று மீன் பிழைத்துவிட்டன. பழுப்பு திரும்பியிருக்கிறது. அஞ்சலை கையை விட்டால் வந்து கொத்தித் தின்கின்றன. நான் பக்கத்தில் போனால் தொட்டிக்குள் கிடக்கும் மரக்கட்டைக்குப் பின்னால் ஓடிவிடுகின்றன. மீனுக்கு மூளை உண்டு என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை தெலுக் இந்தானுக்குப் போய்வருகிறேன். நேற்று அஞ்சலை, தண்ணீரில் எது எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி வந்தது, நல்ல கேலி. விழுங்கிவிட்டேன். அவள் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாததைக் கண்டபிறகுதான் மீதியைச் சொன்னாள். இனி அந்த வீட்டில் அவள் பேசும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டிய நிலை வராது மாப்பிள்ளை. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
அஞ்சலைக்கு அண்ணனாக இருக்க இப்போதுதான் பழகும்
உன் மச்சான்