கோழி கட்லெட்டும் ராஜினாமாவும்

செகந்திராபாத்,
12-11-1979

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். இந்த வரியை எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுவார்கள். நான் சண்டைக்காக எழுதுகிறேன். நலம், நலம், மறுபடியும் நலம். வேறு மாதிரி உனக்கு யார் எழுதியிருந்தாலும் அந்தக் கடிதத்தை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வை.

யார் எழுதியது என்று எனக்குத் தெரியாதா? உன் அத்தை ஜெயசுந்தரிதான். அப்பா எலும்பும் தோலுமாகிவிட்டார், ஒர்க்‌ஷாப்பில் மயங்கி விழுந்தார், அம்மா இல்லாத வீட்டில் சோறு பொங்க ஆளில்லை, வேலையை விட்டுவிட்டு உடனே வா என்று அவள் எழுத, நீயும் மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு ரூர்கேலாவில் ரயிலேறப்போவதாக எனக்கு எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சுற்றிச் சுற்றி வரப்போகிறது. உன் உருக்காலை லேபுக்கு நேரமாகிவிட்டால் இத்தோடு நிறுத்திவிட்டுப் போகலாம்.

விழுந்தது உண்மை. ஆனால் அத்தை எழுதியதுபோல் மரம் சாய்ந்த மாதிரி விழவில்லை. லேத் மெஷின் பக்கத்தில் நின்றவன் உட்கார்ந்தேன்; உட்கார்ந்தவன் கொஞ்சம் அதிகமாக உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். டிஸ்பென்சரி டாக்டர் என் நாக்கைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்டார். காலையில் பன்னும் டீயும், ராத்திரியில் டீயும் பன்னும் என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. டால்டா கூடாது, எண்ணெயில் பொரித்தது கூடாது, கொழுப்பில்லாத கறியும் காய்கறியும் வேளாவேளைக்கு வேண்டும் என்றார். ஷிப்ட் முடிந்து வந்து அதையெல்லாம் யார் சமைப்பது என்றேன். அதற்குத் தன்னிடம் மாத்திரை இல்லை என்றார்.

அடுத்த ஞாயிறு நடந்ததைக் கேள். போதகர் பீடத்திலிருந்து ஜெபக் குறிப்புகளைச் சொல்லிக்கொண்டு வருகிறார். குடலிறக்க ஆபரேஷனுக்குப் போகிற ஒருவர், மூன்றாம் தடவையாகப் பரீட்சைக்கு உட்காருகிற ஒருவன், பிறகு, "ஆகாரம் பொங்கிக் கொடுக்க ஆளின்றித் தவிக்கும் நம் சகோதரர் ஒருவர்." ஐயோ பாவம், யாரோ என்று நானும் உருக்கமாக ஆமென் சொன்னேன். முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரை எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உன் அத்தை கண்களை மூடி ஜெபத்தில் ஆழ்ந்திருந்தாள். அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் தீர்மானித்தேன். இந்த சபை எனக்காகப் பரலோகத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது. என் சோற்றை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ரயில்வே கார்டு ஒருவரின் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் கிடைத்தது. அதன் கதவு தானாக மூடாது. சைக்கிள் டியூப் போட்டுக் கட்டவேண்டும். கூடவே கையால் சுற்றுகிற கறி மெஷினும் கொடுத்தார்கள். மோண்டா மார்க்கெட்டில் கோழிக்கடை பாயிடம் போய், நெஞ்சுக்கறியைத் தோலில்லாமல் எடுத்து வை, கொத்துக்கறி போடவேண்டும் என்றேன். "கைக்கு சாப்? முர்கி கா கீமாவா? நக்கோ சாப், நக்கோ," என்று, வேண்டவே வேண்டாமென்று, கோழியின் சார்பில் என்னிடம் கெஞ்சினான். ஆட்டைத்தான் கொத்துவார்களாம், கோழியைக் கொத்தினால் குடும்பம் உருப்படாதாம். என் குடும்பத்தைப் பற்றி அவன் வேறு ஜெபம் பண்ணிவிடப்போகிறான் என்று கறியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் தடவை தட்டிய கட்லெட் தவாவில் உதிர்ந்து உப்புமா ஆகிவிட்டது. உப்புமாவாகவே சாப்பிட்டேன். இரண்டாம் தடவை உருவம் நின்றது. ஆனால் ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்த எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஐஸ் அறையில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரே செங்கல். டூல் பெட்டியைத் திறந்து உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பலகாரத்தைப் பிளந்தவன் இந்த நிஜாம் நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது கை தேர்ந்துவிட்டது. நெஞ்சுக்கறியை மெஷினில் சுற்றி, நன்றாகப் பிழிந்த துருவல் கேரட், பொடியாக நறுக்கி அரைவேக்காடாக்கிய பீன்ஸ், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்துமல்லி, மிளகு சேர்க்கிறேன். உதிராமல் பிடிக்க உருளைக்கிழங்குக்குப் பதில் பொட்டுக்கடலை மாவும் முட்டை வெள்ளையும். பால்பவுடர் டின் மூடியில் அழுத்தி எடுத்தால் எல்லாம் ஒரே கனம். (கனம் கூடினால் நடுவில் வேகாது. ஒர்க்‌ஷாப்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?) தட்டில் தனித்தனியாகப் பரப்பி ஐஸ் அறையில் வைத்து, கல்லாக இறுகின பிறகு, ரொட்டி சுற்றி வருகிற மெழுகுக் காகிதத்தை நடுவில் கொடுத்து அடுக்கவேண்டும். அவ்வளவுதான் ரகசியம். வேலை முடிந்து வந்து கைகால் கழுவி, தவாவில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவி, தணலைக் குறைத்து இரண்டை மூடி வைத்தால், சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு பக்கம் சிவந்துவிடும். திருப்பிப் போட்டு வெள்ளரிக்காய் நறுக்கினால் சாப்பாடு தயார். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தியிருக்கிறேன். டாக்டரே கேட்டார், வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று.

இதற்கிடையில் அத்தை சோதனைக்கு வந்தாள். சைக்கிள் டியூபை அவிழ்த்து ஐஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னல இது, வறட்டியா தட்டி அடுக்கி வச்சிருக்க?" என்றாள். கோழி என்றேன். "செத்த கோழிய வாரக்கணக்கா வச்சுத் திங்கதுக்கு நீ என்ன கழுகா? கூறுகெட்டவனே, ஒரு பொம்பளப் பிள்ளை அடுப்புக்கு முன்னால நிக்காம இது ஒரு வீடால? நாஞ் சொல்லுதேன், ஹெப்சி வரத்தான் போறா." ஒன்று சாப்பிட்டுப் பார் என்று தட்டை நீட்டினேன். சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், நீ வருகிற தேதியையும் அறிவித்துவிட்டாள்.

எனக்கு வந்ததே ஒரு வீம்பு.

நேற்று அறுப்பின் பண்டிகை. நம் சபை ஏலம் உனக்குத் தெரியாததா? முதற்பலன் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து படைப்பதும், ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அதை ஏலம் விடுவதும்! நமக்கு ஏது விளைச்சல்? வாழைத்தாரும் பூசணியும் முந்தின நாள் மார்க்கெட்டில் விளைந்தவை. நான் மட்டும் என் கையால் விளைந்ததைக் கொண்டுபோனேன். டின் நிறையக் கட்லெட், சுற்றிலும் ஐஸ், மரத்தூள், சாக்கு.

ஏலம் விட்டது எட்வர்ட். டின்னைத் தூக்கியவன் கை விறைத்து அடுத்த கைக்கு மாற்றினான். "அண்ணே, இது என்ன, சோப்புக் கட்டியா?" என்றான். "கோழி கட்லெட். ஆகாரம் பொங்கிக் கொடுக்க ஆளின்றித் தவிக்கும் சகோதரர் தன் கையால் செய்தது," என்று மைக் தேவைப்படாத குரலில் சொன்னேன். கூட்டம் முழுவதும் உன் அத்தையைத் திரும்பிப் பார்த்தது. ஏலத்துக்குக் கட்டிவைத்திருந்த சேவல் மட்டும் ஒரு தடவை கூவியது. அது எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

முதல் விலை கேட்டது யார் தெரியுமா? உன் அத்தை! கண்டவர்கள் வாங்கித் தின்று வாந்தி எடுத்தால் குடும்ப மானம் போய்விடுமே, தானே வாங்கிப் போய்க் கொல்லையில் புதைத்துவிடலாம் என்று அவள் கணக்கு. ஆனால் அவள் கேட்ட வேகத்தைப் பார்த்த மரியபுஷ்பத்துக்கு வேறு கணக்கு. பாடகர் குழுவில் அத்தைக்குப் பக்கத்தில் நின்று அத்தையைவிட உயரத்தில் பாடுகிறாளே, அவளேதான். ஜெயசுந்தரி இவ்வளவு துடிக்கிறாள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று அவளும் கூட்டிக் கேட்டாள். அத்தை விடுவாளா? இவள் ஏற்ற, அவள் ஏற்ற, எட்வர்டுக்குக் குரல் கட்டிவிட்டது. உயிரோடிருந்த சேவல் போன விலையைச் செத்த கோழி தாண்டியது. உன் மாமா பின்னாலிருந்து அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டேயிருந்தார்; அதையும் உற்சாகப்படுத்துகிறார் என்றே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கடைசியில் டின் அவள் மடிக்கே வந்தது. மரியபுஷ்பம் அழாத குறை.

அவ்வளவு கொடுத்து வாங்கியதைப் புதைக்க நம் குடும்பத்தில் யாருக்குக் கை வரும்? அவள் வீட்டில் ஃபிரிட்ஜும் இல்லை. மத்தியானமே தவாவில் போட்டிருக்கிறாள். மாமா நாலு சாப்பிட்டுவிட்டு ஐந்தாவது கேட்டாராம். வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுபோனது அந்த ஐந்தாவதால்தான் என்று மாமாவே சொன்னார்.

சாயங்காலம் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு தனியாக வந்தாள். "உப்பு பத்தல," என்றாள். சரி என்றேன். அடுக்களைப் பலகையில் உட்கார்ந்தாள். ஜெயித்தவன் பேசவேண்டிய வசனமெல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: "நான் வரலியால? அம்மா செத்தப்போ ஒரு தந்திக்கு, குண்டூர்ல டீச்சர் டிரெயினிங்க பாதியில விட்டுட்டு, அப்பாவுக்கும் உனக்கும் பொங்கிப் போட ஓடி வரலியா? அப்போ நான் வந்தது தப்புன்னு சொல்லுதியா?"

ஹெப்சி, எனக்குக் கேலி வாயில் வராத நேரம் என்று ஒன்று இருப்பதே நேற்றுதான் தெரிந்தது. அந்தச் சமையலைத் தின்று வளர்ந்தவன் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் டீச்சராகியிருந்தால் எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தை மிரட்டிக்கொண்டிருப்பாளோ! ஒரு சபையையே ஆட்டிவைக்கிற குரல் அது.

"நீ வந்தது தப்பில்லக்கா. வரச் சொன்னதுதான் தப்பு," என்றேன்.

அவள் எழுந்தாள். கழுவி வைத்திருந்த தவாவை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு இனி நான் எழுதல. நீயே எழுதிக்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே எழுதுகிறேன். கொடுக்காதே. நீ பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அங்கே உலையிலிருந்து உருக்கு வெளியே வரும் என்று எங்கள் கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், இருந்தாலும் ரயில்வேயில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். "அப்பாவுக்காக ஒரு வேலையை விடமாட்டேனா" என்று எழுதியிருக்கிறாயே, விடுவாய், அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாயிருக்கிறது. வீட்டைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று வருகிறவள் அப்புறம் அந்த வீட்டுக்கே தூணாகிவிடுவாள். தூணை யாரும் ரயிலேற்றி அனுப்பமாட்டார்கள்.

இங்கே தனிமை என்று எதுவும் இல்லை. ராத்திரியில் ஃபிரிட்ஜ் பழைய லாரி மாதிரி உறுமுகிறது. வீட்டில் ஒரு சத்தம் இருப்பது நல்லதுதான். உன் கட்டிலில் வெங்காயம் உலர்த்தியிருக்கிறேன். நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் படுக்க இடம் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துவிடு. ஸ்டேஷனில் உன்னைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்; காட்டாவிட்டால் உன் பெட்டியைத் தொடமாட்டேன். காட்டினால் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். அதில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று மட்டும் அன்றைக்கே சொல்லிவிடாதே.

கர்த்தர் உன்னை, உன் வேலையோடு சேர்த்து, அங்கேயே வைத்துக் காப்பாராக.

உன் அன்புள்ள அப்பா,
தே. மோசஸ்